“பார்ட்டி ரெடி கேஷ்” என்றால் நம்பலாமா? வீடு விற்பவர் வாங்குபவரின் பணத்தைச் சரிபார்க்கவும் தாமதத்தைச் சமாளிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

விலை பேசி முடித்த அன்றே வீடு விற்றுவிட்டதாக நினைப்பவர்கள்தான் மூன்றாவது மாதம் தரகருக்குத் தினமும் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். வாங்குபவரிடம் பணமே இல்லாமல் போவது குறைவு. பணம் சீட்டிலோ, விற்காத மனையிலோ, வங்கியின் லீகல் மேசையிலோ மாட்டிக்கொண்டிருப்பதுதான் அதிகம். ஆகவே ‘பணம் இருக்கிறதா’ என்று கேட்பது பாதிக் கேள்விதான். ‘எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் கைக்கு வரும்’ என்பது மீதிப் பாதி.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டில் ஒரு தனி வீடு; விற்பவர் உள்நாட்டில் வசிப்பவர்; வாங்குபவர் பாதிக்கு மேல் வங்கிக் கடனை நம்பியிருப்பவர். விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் வரிப் பிடித்தக் கணக்கே வேறு. அவர்கள் விலை பேசும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

1. முதலில் உங்கள் ஃபைல்

வாங்குபவரின் பணத்தைக் கேள்வி கேட்கும் முன் உங்கள் காகிதங்களை ஒரே உறையில் சேருங்கள். கடன் தாமதங்களில் கணிசமானவை விற்பவர் பக்கத்தில்தான் பிறக்கின்றன. வங்கியின் வக்கீல் ஒரு ஆவணம் கேட்பார், நீங்கள் அதைத் தேட இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கெடு முடிந்திருக்கும். பிறகு தாமதத்துக்கு யார் காரணம் என்று பேசவே முடியாது.

தேவையானவை: உங்கள் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று, உங்கள் பெயருக்கு மாறிய பட்டா, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், மனைப்பிரிவு அங்கீகாரம், நடப்பு ஆண்டு வரை சொத்து வரி ரசீது. வாரிசாக வந்த சொத்து என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் அதை மாற்றிய பிறகு விளம்பரம் கொடுங்கள்.

பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். பத்திரத்தில் ‘சுப்பிரமணி’, ஆதாரில் ‘சுப்பிரமணியன்’, பான் அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். கடைசி வாரத்தில் வங்கி இதைப் பிடித்தால் உறுதிமொழிப் பத்திரம், கடிதம் என்று பத்து நாள் போகும்.

வீட்டின் மேல் உங்களுக்கே கடன் இருந்தால் முடிப்புத் தொகைக் கடிதமும், வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்கிவையுங்கள். கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. விதி இருந்தாலும் அந்த 30 நாளை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அடமானத்தை முடித்த ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கத்தில் தெரிந்தால்தான் அடுத்த வங்கியின் வக்கீல் கையெழுத்துப் போடுவார்.

2. இரண்டாவது சந்திப்பில் கேட்க வேண்டியவை

முதல் முறை வீடு பார்க்க வருபவரிடம் பணக் கேள்வி வேண்டாம். இரண்டாவது முறை வந்து ‘கடைசி விலை சொல்லுங்க’ என்றால் அப்போது கேளுங்கள். தரகர் மூலம் கேட்காமல் நேரில் கேட்பது நல்லது. ‘பார்ட்டி ஸ்ட்ராங், ரெடி கேஷ்’ என்று தரகர் சொல்வதற்கு, பேச்சு முறியக்கூடாது என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்காது.

கேட்க வேண்டியவை நாலு. எவ்வளவு கடன், எந்த வங்கி? மனு கொடுத்தாயிற்றா, இனிதானா? கைப்பணம் எந்த வடிவத்தில் இருக்கிறது? இந்த வீட்டை வாங்க வேறு எதையாவது விற்க வேண்டியிருக்கிறதா?

‘சார், தப்பா எடுத்துக்காதீங்க, நாங்களும் இந்தப் பணத்தை நம்பி இன்னொரு இடத்துல பேசியிருக்கோம்’ என்று ஆரம்பித்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாலாவது கேள்விக்கு ‘ஊர்ல ஒரு மனை இருக்கு, அது முடிஞ்சதும்’ என்று பதில் வந்தால், நீங்கள் இரண்டு விற்பனைக்குக் காத்திருக்கப் போகிறீர்கள். அந்த மனைக்கு ஆள் வந்து முன்பணம் வாங்கியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

3. அவர் சார்பில் நீங்களே கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான வாங்குபவர்கள் ‘80 சதவீதம் வங்கி தரும், 20 சதவீதம் கையில் இருக்கிறது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். இது தவறுவது மூன்று இடங்களில்.

ஒன்று, கடன் வரம்பு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இவை உச்சவரம்புகள்தான், அவ்வளவும் தந்தாக வேண்டும் என்று இல்லை.

இரண்டு, வீட்டு மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை இல்லை. ஒப்பந்த விலை, வங்கிப் பொறியாளரின் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. மாடிக்கு அனுமதி வாங்காமல் கட்டியிருந்தால் அந்தப் பரப்பை மதிப்பீட்டில் விட்டுவிடுவார்கள்.

மூன்று, பதிவுச் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அரசு குறித்துள்ள வழிகாட்டி மதிப்பு, விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். பொதுவாக வங்கி இதற்குக் கடன் கணக்கில் இடம் தராது.

80 லட்சம் ரூபாய் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். பொறியாளர் 74 லட்சம் என்று எழுதினால் கடன் அதிகபட்சம் 59.2 லட்சம். விலையில் மீதி 20.8 லட்சம். பதிவுச் செலவு 7.2 லட்சம். ஆக 28 லட்சம் கைப்பணம், அதற்கு மேல் எழுத்தர் கூலி, வங்கிக் கட்டணங்கள். 16 லட்சம் போதும் என்று வந்தவருக்கு 12 லட்சம் துண்டு விழுகிறது. ஒப்பந்தம் போட்ட இரண்டாவது மாதத்தில் தெரியவரும் இந்தத் துண்டுதான் பல ‘தாமதங்களின்’ உண்மைப் பெயர்.

அடுத்து மாதத் தவணை. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு சுமார் 868 ரூபாய். 59.2 லட்சத்துக்கு ஏறக்குறைய 51,400. எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் வங்கி தயங்க ஆரம்பிக்கும். அப்படியானால் வேறு கடன் இல்லாதவருக்கே மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் வர வேண்டும். வாசலில் தவணையில் வாங்கிய கார் நின்றால் அதையும் கூட்டுங்கள்.

‘பத்திரத்தில் 50 போடுவோம், மீதி 30 கையில்’ என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பத்திர விலை குறைந்தால் கடனும் அந்த 50-ஐ வைத்துத்தான் வரும். வாங்குபவரின் துண்டு இன்னும் பெரிதாகும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரக்கூடும். அது விழுவது பணம் வாங்கிய உங்கள் தலையில், கொடுத்தவர் தலையில் இல்லை.

4. கைப்பணம் எவ்வளவு நாளில் பணமாகும்?

வைப்பு நிதி ஓரிரு நாளில் உடையும். மியூச்சுவல் ஃபண்ட் சில வேலை நாள். நகைக் கடன் அன்றே கிடைக்கும், ஆனால் அதன் வட்டியும் தவணைச் சுமையில் சேரும். வருங்கால வைப்பு நிதியில் எடுப்பதாக இருந்தால் விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். பெயர், பிறந்த தேதி பொருந்தாமல் திரும்புவது சாதாரணம்.

சீட்டுப் பணம் தனி ரகம். ‘அடுத்த மாசம் சீட்டு எடுத்துடுவேன்’ என்பது ஏலத்தில் அவருக்கு விழுந்தால்தான் நடக்கும். விழுந்தாலும் ஜாமீன்தாரர் காகிதம் முடித்த பிறகே பணம். துபாயிலிருந்து அண்ணன் அனுப்புவார் என்றால் அண்ணனிடம் ஒரு முறை நீங்களே பேசிவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

முழு வங்கிக் கணக்கு விவரம் கேட்க வேண்டாம், தரவும் மாட்டார்கள். பெயரும் இருப்பும் மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்த பக்கம் ஒன்று, அல்லது வைப்பு நிதி ரசீதின் நகல் போதும். கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணை அவரே தன் போனில் எடுத்துக் காட்டலாம். 300 முதல் 900 வரையான அளவில் 750-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 650 பக்கம் என்றால் வட்டி ஏறும் அல்லது மனு திரும்பும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

5. கடன் கடிதத்தின் கடைசிப் பக்கம்

‘லோன் சாங்க்ஷன் ஆயிடுச்சு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அதில் முதல் பக்கத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் சம்பளத்தை மட்டும் பார்த்து வந்த முதற்கட்ட ஒப்புதல். உங்கள் வீட்டின் பெயரே அதில் இருக்காது.

கடிதத்தில் ஐந்து இடத்தைப் பாருங்கள்: மனுதாரர் பெயர், இணை மனுதாரர் யார், தொகை, கடிதம் எந்தத் தேதி வரை செல்லும், கடைசிப் பக்க நிபந்தனைகள். ‘சட்ட ஆய்வுக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் உட்பட்டது’ என்று இருந்தால் பாதி வழிதான் வந்திருக்கிறார். ‘கார் கடனை முடித்த பிறகு’ என்று ஒரு வரி இருந்தால், அந்தப் பணம் கைப்பணத்திலிருந்துதான் போகும். 3-ம் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

நகலை நம்பாமல், வாங்குபவரை உடன் வைத்துக்கொண்டு வங்கி அதிகாரியிடம் ஸ்பீக்கரில் ஒரு நிமிடம் பேசுங்கள். அவர் இல்லாமல் நீங்களாகக் கேட்டால் வங்கி விவரம் சொல்லாது.

6. டோக்கன் அட்வான்ஸ்

சிறு தொகை, வங்கி வழியாக, ரசீதுடன். ரசீதில் மூன்று வரி போதும்: இத்தனாம் தேதிக்குள் ஒப்பந்தம் போட வேண்டும், போடாவிட்டால் தொகை என்ன ஆகும், அதுவரை வேறு ஆளிடம் பேசலாமா கூடாதா. பத்து நாளுக்கு மேல் கெடு தராதீர்கள். ஆடி பிறக்கும் முன் நல்ல நாள் பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டு, ஆவணி வரை ஒப்பந்தம் பற்றிப் பேச்சே எடுக்காதவர்கள் உண்டு.

7. ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் நிதானம்

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தை 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். ஏறியதை உங்கள் ஒருவர் கையெழுத்தால் இறக்க முடியாது. ரத்து ஆவணத்துக்கு இருவரும் சார்பதிவாளர் முன் வர வேண்டும். ஆகவே 3, 4, 5 முடியாமல் ஒப்பந்தம் போடாதீர்கள். கட்டிப்போடப்படுவது வாங்குபவர் மட்டும் இல்லை, நீங்களும்தான்.

எழுத்தர் வைத்திருக்கும் அச்சு வாசகத்தில் ‘மூன்று மாதத்திற்குள் பாக்கித் தொகையைச் செலுத்தி’ என்று ஒரு வரி இருக்கும். அது போதாது. அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலக்கெடுவை உயிர்நாடியாக நீதிமன்றங்கள் தாமாக எடுத்துக்கொள்வதில்லை. தெளிவாக எழுதி, எழுதியபடி நடந்தும் காட்ட வேண்டும்.

சேர்க்க வேண்டியவை இவை. ‘காலமே இவ்வொப்பந்தத்தின் சாராம்சம்’ என்ற வாசகத்துடன் நாள், மாதம், ஆண்டு. எத்தனை நாளில் கடன் மனு, எத்தனை நாளில் இறுதி ஒப்புதல் என்ற இடைக்கெடுக்கள். வங்கி மதிப்பீடு குறைந்தால் துண்டை யார் கட்டுவது. கடன் மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும். நீட்டிப்பு எழுத்தில் மட்டுமே செல்லும் என்ற வரி.

முன்பணத்தைப் பிடித்துக்கொள்வது பற்றித் தனியாக ஒரு சொல். விலையில் சுமார் 10 சதவீதத்தை ‘ஈட்டுத்தொகை’ (வாங்குபவர் சொன்னபடி நடப்பார் என்பதற்கான பிணைத் தொகை) என்று பெயர் சொல்லி எழுதி, வாங்குபவர் தவறினால் பறிமுதல் என்று தெளிவாக்கினால் அது நிற்க வாய்ப்பு உண்டு. 40 லட்சம் வாங்கிக்கொண்டு ‘முழுதும் பறிமுதல்’ என்று எழுதினால் நிற்பது கடினம். அது விலையின் ஒரு பகுதி என்றே பார்க்கப்படும்.

முழுப் பணம் வரும் முன் சாவி கொடுக்காதீர்கள். ‘பெயிண்ட் மட்டும் அடிச்சுக்கறோம்’ என்று நுழைந்தவர் பணம் தராமல் வெளியே போக மாட்டேன் என்றால், உங்களுக்குப் பணப் பிரச்சினையோடு சுவாதீனப் பிரச்சினையும் சேரும்.

8. இடைக்கெடு வைத்துக் கண்காணியுங்கள்

90 நாள் ஒப்பந்தத்தில் 85-வது நாள் போன் செய்வதில் பயன் இல்லை. 7-வது நாளுக்குள் கடன் மனு எண் கையில் வர வேண்டும். 30-க்குள் வருமானம் சார்ந்த ஒப்புதல். 45-க்குள் வக்கீல் கருத்தும் பொறியாளர் மதிப்பீடும். 60-க்குள் பதிவுத் தேதி. மீதி 30 நாள், எங்காவது தாமதமானால் ஈடுகட்ட.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் வங்கி விடுமுறையையும் சேர்த்துப் பாருங்கள். கெடு ஆடியிலோ மார்கழியிலோ விழுந்தால் ‘அடுத்த மாசம் வெச்சுக்கலாமே’ என்று கட்டாயம் கேட்பார்கள். ஒப்பந்தத்திலேயே அதைத் தாண்டிய தேதி போடுங்கள், அல்லது அதற்கு முன் முடியுங்கள். சுபமுகூர்த்த நாளில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் (பதிவுக்கான நேர ஒதுக்கீடு) தந்தாலும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது.

9. தாமதம் வந்துவிட்டது: எந்த மேசையில் நிற்கிறது?

‘பேங்க்ல லேட் பண்றாங்க’ என்பது பதில் ஆகாது. வங்கிக்குள் நாலு மேசை: வருமானச் சரிபார்ப்பு, சட்டக் கருத்து, மதிப்பீடு, பட்டுவாடா (கடன் தொகையைக் கொடுப்பது). எந்த மேசை என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

சட்ட மேசை என்றால் வக்கீல் கேட்ட ஆவணப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வழியாக வரும் ‘இன்னும் ஒரு டாக்குமெண்ட்’ முடிவில்லாதது. ஒரே முறையில் கொடுத்து, கொடுத்த தேதியை வாட்ஸ்அப்பில் பதியுங்கள். மதிப்பீடு குறைந்தால் வேறு வங்கிக்குப் போவதைவிட, கைப்பணத்தை ஏற்ற முடியுமா என்று உடனே கேளுங்கள். புது வங்கி என்றால் எல்லா மேசையும் முதலிலிருந்து. வருமான மேசையில் இருபது நாளுக்கு மேல் நின்றால் அநேகமாக அவருடைய சிபிலிலோ சம்பளத்திலோ சிக்கல், நேரடியாகக் கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தவறு, நல்ல மனதோடு ‘பரவாயில்லீங்க, மெதுவா பண்ணுங்க’ என்று செய்தி அனுப்புவது. நாளை வழக்கானால் கெடுவை நீங்களே தளர்த்தினீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பதிலாக இப்படி: ‘சார், அக்ரிமெண்ட் கெடு 14-ம் தேதி, அதில் மாற்றம் இல்லை. லீகல்ல கேட்ட ஆவணம் எதுன்னு எழுதி அனுப்புங்க, இன்னிக்கே தர்றேன்.’ மரியாதையும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது.

10. நீட்டிப்பதா?

பணம் வரும் தேதி காகிதத்தில் தெரிந்தால் நீட்டியுங்கள். இறுதி ஒப்புதல் வந்து பட்டுவாடா மட்டும் பாக்கி என்றால் 15 நாள் தருவதில் நட்டம் இல்லை. ‘எப்படியும் ஏற்பாடு பண்ணிடுவேன்’ என்பது காகிதம் இல்லை.

நீட்டிப்பைச் சும்மா தர வேண்டாம். கூடுதல் முன்பணம் கேளுங்கள், அல்லது நீங்கள் கட்டிவரும் கடன் வட்டியை அந்த மாதத்துக்கு அவர் ஏற்கட்டும். பணம் போட மனமில்லாதவர் வேறு வீடும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூல ஒப்பந்தம் பதிவானது என்றால் நீட்டிப்பையும் பதிவு செய்யுங்கள். புதுத் தேதி, இதுவரை வாங்கிய தொகை, ‘மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை’ என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

11. முறிக்க வேண்டியிருந்தால்

கெடு முடிந்த மறுநாளே வேறு ஆளுக்கு விற்கக் கிளம்புவதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு. குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம் வரை பழைய வாங்குபவர் ‘ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லுங்கள்’ என்று வழக்குப் போடலாம். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட தீர்ப்பு கொடுப்பது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்ற நிலையும் இல்லை. ஆனால் தான் பணத்தோடு தயாராக இருந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். நீங்கள் 4, 5-ல் வாங்கிவைத்த காகிதங்களும் 9-ல் அனுப்பிய செய்திகளும் இங்கேதான் உதவும்.

வரிசை இது: வக்கீல் மூலம், கிடைத்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ், அதில் நீங்கள் கிரயம் செய்யத் தயார் என்பதும் 15 நாள் இறுதிக் கெடுவும். பதில் வராவிட்டால் இரண்டாவது நோட்டீஸில் முறிவு. பிறகு சமாதானப் பேச்சு. வெறும் கோபத்தில் முன்பணம் முழுவதையும் பிடித்துவைப்பதைவிட, நியாயமான தொகையைக் கழித்து மீதியைத் திருப்பிக் கொடுத்து ரத்து ஆவணத்தில் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் லாபம். மீதிக்கான டி.டி.யை சார்பதிவாளர் அலுவலகத்தில், கையெழுத்து ஆகும்போது கொடுங்கள். ஒரு நாள் முன்னால் கொடுத்தால் ஆள் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

12. பதிவு நாள்

ஒரே விதி: பணம் முதலில், கையெழுத்து பிறகு. பத்திரம் பதிவாகிவிட்டால், பாக்கி வரவில்லை என்பதற்காக மட்டும் கிரயத்தை ரத்து செய்ய முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கிக்கு வழக்குப் போடலாம், வீடு திரும்பாது. பின்தேதி காசோலையை நம்பிப் பதியாதீர்கள்.

கைப்பணப் பகுதி முந்தின நாளே ஆர்டிஜிஎஸ்-ல் ஏறட்டும்; பரிவர்த்தனை எண்ணைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கடன் பகுதி டி.டி.யின் படத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி, உங்கள் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, தொகை, தேதி, கிளை சரியா என்று பாருங்கள். டி.டி. மூன்று மாதம்தான் செல்லும். வங்கி ஆள் அலுவலகத்துக்கு அசலைக் கொண்டுவருவார். கைரேகை வைக்கும் முன் கண்ணால் பாருங்கள்.

விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். 50-க்கு மேற்பட்ட பகுதிக்கு இல்லை, முழுத் தொகைக்கும். 80 லட்சத்துக்கு 80,000. எந்தத் தவணையில் பிடிக்கிறார் என்று முன்பே பேசாவிட்டால் பதிவு அலுவலக வாசலில் சண்டை வரும். உங்கள் பான் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செயலிழந்த பான் என்றால் பிடித்தம் 20 சதவீதத்துக்குத் தாவும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அவர் அதைக் கட்ட வேண்டும். ஜூனில் பிடித்தால் ஜூலை 30 கடைசி. ஆகஸ்ட் நடுவில் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கைத் திறந்து அந்த 80,000 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே போன் செய்யுங்கள்.